சந்தைக்குள்ளே எங்கள் வெண்டைக்காய், சந்தைக்கு வெளியே என் அம்மா

பங்குனி பிறந்துவிட்டால் என் நாக்கு ஊரைத் தேட ஆரம்பித்துவிடும். நான் பிறந்தது கூமாப்பட்டி. வத்திராயிருப்பைத் தாண்டி மலையைப் பார்த்துப் போனால் வரும் ஊர். நெல் அறுத்து முடிந்து வயலில் தாள் காய்ந்து கிடக்கும். கிணறு இருக்கிற இடத்தில் மட்டும் பச்சை தெரியும். அந்தப் பச்சையில்தான் வெண்டை, கொத்தவரை, கத்தரி, வெள்ளரிப்பிஞ்சு எல்லாம் இருக்கும். முருங்கை மரம் இலை தெரியாமல் காய்த்துத் தொங்கும். வீட்டுக்கு வீடு புளி உடைத்துக் கொட்டை எடுக்கும் வேலை நடக்கும். ஜாடியில் மாவடு சுருங்கிக்கொண்டிருக்கும். சித்திரையில் நுங்கும் பதநீரும் வரும். அதன் பின்னாலேயே ராஜபாளையத்துச் சப்பட்டை மாம்பழம் வந்துவிடும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதையெல்லாம் ரசித்துத் தின்பதற்கு எதிராக நான் எழுதவில்லை. சேரியில் பிறந்தவள் வறுமையைப் பற்றி மட்டும்தான் எழுத வேண்டும், ருசியைப் பற்றி எழுதக்கூடாது என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் பிரச்சினை. வெள்ளரிப்பிஞ்சைக் கொடியிலிருந்து பறித்து, பாவாடையில் துடைத்துவிட்டு அப்படியே கடிக்கும் ருசி எந்தக் குளிர்பதனக் கடையிலும் கிடைக்காது. அந்த ருசி எனக்கு உரியது. அதை விட்டுக்கொடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது.

சென்ற வருடம் சித்திரையில் சென்னையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இயற்கைச் சந்தைக்கு அலுவலகத் தோழி ஒருத்தி என்னை அழைத்துப் போனாள். மரத்தடியில் வரிசையாக மேசைகள், பனையோலைப் பெட்டிகள், துணிப்பைகள். ஒரு மேசையில் சப்பட்டை மாம்பழம். 'ராஜபாளையம் சப்பட்டை, நேரடியாக விவசாயியிடமிருந்து' என்று சுண்ணாம்புக் கட்டியால் பலகையில் எழுதியிருந்தார்கள். ஊர்ப் பழத்தைப் பார்த்த சந்தோஷத்தில் விற்றுக்கொண்டிருந்த தம்பியிடம் பேச்சுக் கொடுத்தேன். நல்ல பையன். கார்பைடு வைக்காமல் வைக்கோலில் பழுக்க வைத்தது என்று பொறுமையாக விளக்கினான். கைப்பேசியை எடுத்து அந்த 'விவசாயி'யின் படத்தையும் காட்டினான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பின்னால் மாந்தோப்பு. படத்தின் மேல் ஓரத்தில், கிளை மேல் நின்று பறித்துக்கொண்டிருக்கும் ஒருவரின் கால்கள் மட்டும் பாதியாகத் தெரிந்தன.

"மேல நின்னு பறிக்கிறது யாருப்பா?" என்று கேட்டேன்.

"அது லேபர்க்கா" என்றான்.

அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்குச் சொல்லிக் கொடுத்த சொல் அது. தோப்பு வைத்திருப்பவர் விவசாயி, தோப்பில் நிற்பவர் லேபர். மரம் ஏறுகிறவர், தொரட்டியில் வலை கட்டிக் காய் அடிபடாமல் இறக்குகிறவர், மாம்பால் பட்டுக் கையும் கழுத்தும் புண்ணாகிப் போனவர், யானை இறங்கும் மலையடிவாரத்தில் காய்ப்புக் காலம் முழுக்கக் குடிசை போட்டுக் காவல் இருக்கும் குடும்பம், இவர்கள் எல்லோரும் லேபர். பாதித் தோப்புகளில் அந்த வேட்டிக்காரர்கூடத் தோப்பைப் பூவிலேயே குத்தகைக்கு விட்டுவிட்டு ஊரில் உட்கார்ந்திருப்பார். ஆனாலும் அவர்தான் விவசாயி.

இந்தச் சொல்லுக்குள் இருக்கும் சாதியைப் பற்றித்தான் எழுத வந்தேன். அதற்கு என் அம்மாவின் கதையைச் சொல்ல வேண்டும்.

அரை ஏக்கர், இரண்டு விலை

எங்களுக்கு நிலம் கிடையாது. அம்மா ஒரு மொதலாளியின் கிணற்றுத் தோட்டத்தில் அரை ஏக்கரை வாரத்துக்குச் செய்கிறார். நிலமும் தண்ணீரும் அவருடையது. விதை, உழைப்பு, களையெடுப்பு, மருந்து, காவல் எல்லாம் அம்மாவுடையது. விளைச்சலில் பாதிக்குப் பாதி. எழுத்தில் எதுவும் இல்லை. வாய் வார்த்தைதான். அந்த மொதலாளிக்கு என் அம்மாவைவிடப் பத்து வயது குறைவு. அம்மாவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். அவருடைய பேரனும் அப்படித்தான் கூப்பிடுகிறான்.

வெண்டைக்காயை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். தாமதித்தால் முற்றிவிடும். விடிவதற்கு முன்னால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அம்மா பறிப்பார். சுணை பட்டு விரல் அரிக்கும். பறித்ததும் காயை இரண்டாகப் பிரிப்பார். ஒரு பாதி மொதலாளி வீட்டுக்கு, மறு பாதி அம்மாவுக்கு. பிறகு இரண்டு பாதியும் ஒரே நகரத்து உழவர் சந்தைக்குப் போகின்றன. எந்த நகரம் என்பது இங்கே முக்கியமில்லை. எந்த நகரமாக இருந்தாலும் கதை இதுதான்.

மொதலாளியின் பாதி சந்தைக்குள்ளே போகிறது. அவர் பெயரில் உழவர் சந்தை அடையாள அட்டை இருக்கிறது. கடையில் அவர் மருமகன் உட்கார்ந்திருப்பார். தலைக்கு மேலே கூரை, கையில் சந்தையே கொடுத்த எலக்ட்ரானிக் தராசு, எதிரே அன்றைய விலை எழுதிய பலகை. வாங்க வருகிறவர்கள் அவரை 'அண்ணாச்சி' என்பார்கள்.

அம்மாவின் பாதி சந்தைக்கு வெளியே, சாக்கடை ஓரத்துச் சிமெண்டுக் கட்டையில் உட்காருகிறது. தராசு கிடையாது. அதனால் கூறு கட்டித்தான் விற்பார். உள்ளே பலகை விலை, வெளியே பேர விலை. உள்ளே வாய் திறக்காமல் காசு கொடுக்கிறவர்கள் வெளியே வந்ததும் "ஏம்மா, இன்னும் நாலு காய் போடு" என்பார்கள். எட்டரை மணிக்கு வெயில் ஏறும். ஒன்பது மணிக்கு ஒருவர் வந்து, சந்தை வாசலில் கடை போடக்கூடாது, எழுந்து போ என்று விரட்டுவார். விரட்டும் நேரம் தெரிந்தவர்கள் அந்த நேரம் பார்த்து வருவார்கள். கூறு பாதி விலைக்குப் போகும்.

காலை பஸ்ஸில் அம்மாவுக்கு டிக்கெட் இல்லை, பெண்களுக்கு இலவசம். மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட் உண்டு. சந்தை அட்டை இருந்தால் மூட்டையும் இலவசமாகப் போயிருக்கும்.

ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒரே செடி, ஒரே நாளில் ஒரே கை பறித்த காய். அந்தக் காய்க்கு உழவர் சந்தைக்குள் இடம் இருக்கிறது. பறித்த கைக்கு மட்டும் இடம் இல்லை.

மூன்று வருடங்களுக்கு முன்பு அம்மாவுக்கு அட்டை வாங்கிவிடலாம் என்று நான் விண்ணப்பம் பூர்த்தி செய்தேன். படித்த பிள்ளை அல்லவா, சட்டப்படி எல்லாம் நடக்கும் என்று நம்பினேன். சிட்டா கேட்டார்கள். எங்களுக்கு ஏது? அடங்கலில் சாகுபடி செய்பவர் என்று அம்மா பெயர் இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். அடங்கலில் பெயர் ஏற வேண்டும் என்றால் நிலத்துக்காரர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார்கள். மொதலாளியிடம் போய் நின்றோம். அவர் சத்தம் போடவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"உன் பேரை அடங்கல்ல ஏத்துனா நாளைக்கு நெலமே உன்னுதும்ப. வாய் வார்த்தையில நல்லாத்தான ஓடிக்கிட்டிருக்கு? உனக்கு எதுக்கு கார்டு? நீ என்ன சம்சாரியா?"

எங்கள் பக்கத்தில் சம்சாரி என்றால் விவசாயி. முப்பது வருடமாக அந்தத் தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்த என் அம்மா சம்சாரி இல்லை. வரப்பில் செருப்போடு நின்று பார்த்துவிட்டுப் போகிறவர் சம்சாரி. அம்மா ஒன்றும் பேசாமல் திரும்பி நடந்தார். அடுத்த நாள் அதே தோட்டத்துக்குக் களையெடுக்கப் போனார். போகாவிட்டால் அந்த அரை ஏக்கரும் கிடையாது.

பயம் யாருக்கு?

அந்த மொதலாளி முட்டாள் அல்ல. அவருடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் சாகுபடி செய்யும் குத்தகைதாரரை நினைத்தபடி வெளியேற்றக்கூடாது என்று 1955ல் சட்டம் வந்தது. குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று 1969ல் இன்னொரு சட்டம் வந்தது. ஏட்டில் பெயர் ஏறினால் உழைக்கிறவருக்குப் பிடிமானம் வந்துவிடும். அதனால்தான் பெயர் ஏறாமல் பார்த்துக்கொள்கிறார்கள். சட்டம் வந்த பிறகும் குத்தகை ஒழியவில்லை, வாய் வார்த்தைக்குள் பதுங்கிக்கொண்டது. ஒரு பெண்ணுக்குக் காய் விற்க அட்டை கொடுக்காததற்குப் பின்னால் இருப்பது இந்த நிலக் கணக்கு.

இது நேற்று முளைத்ததும் அல்ல. எங்கள் விருதுநகர் மாவட்டம் 1985ல் பிரிக்கப்படும்வரை இராமநாதபுரம் மாவட்டத்தோடு இருந்தது. அந்த மாவட்டத்தில் 1930லும் 1931லும் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள்மீது விதித்த தடைகளை, 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச்.ஹட்டன் தன் நூலில் பட்டியலிட்டிருக்கிறார். நகை போடக்கூடாது, பெண்கள் மேலாடை அணியக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது என்ற தடைகளைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அதே பட்டியலில் இருக்கும் வேறு சில தடைகளைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம். மிராசுதார் நிலத்தை வாரத்துக்கோ குத்தகைக்கோ எடுத்துப் பயிர் செய்யக்கூடாது. சொந்த நிலம் இருந்தால் அடிமாட்டு விலைக்கு மிராசுதாருக்கே விற்றுவிட வேண்டும். விற்காவிட்டால் பாசனத் தண்ணீர் கிடையாது. மழையை நம்பி எதையாவது விளைவித்தாலும் அறுப்புக்கு வரும் நேரத்தில் அதைச் சூறையாட வேண்டும்.

மேலாடையும் நிலமும் ஏன் ஒரே பட்டியலில் இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். தலித் ஒருவர் உழைக்கலாம், ஆனால் உழவராக ஆகிவிடக்கூடாது என்பதுதான் அந்தப் பட்டியலின் சாரம். செருப்பு இன்று போட்டாகிவிட்டது. குடையும் பிடித்தாகிவிட்டது. உழவர் என்ற பெயர் மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. அன்று அந்தத் தடையை அரிவாள் காத்தது, இன்று 'சிட்டா நகல் இணைக்கவும்' என்ற ஒரு வரி காக்கிறது.

எண்ணிக்கையிலும் பார்க்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சொந்தமாகச் சாகுபடி செய்கிறவர்கள் ஏறத்தாழ 42 லட்சம் பேர். விவசாயக் கூலிகள் ஏறத்தாழ 96 லட்சம் பேர். அதாவது வயலில் நிற்கும் ஒவ்வொரு பத்துப் பேரிலும் ஏழு பேர் அரசாங்கக் கணக்கில் உழவர் இல்லை. இந்திய அளவில் மக்கள்தொகையில் 16 சதவீதத்துக்கும் மேல் இருக்கும் பட்டியல் சாதியினரின் கையில் இருப்பது சாகுபடி நிலத்தில் ஏறத்தாழ 9 சதவீதம்தான். ஒன்றிய அரசு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிஎம் கிசான் திட்டமும் நிலம் வைத்திருக்கும் குடும்பங்களுக்குத்தான். நிலம் இருந்தால் உதவி, அட்டை, கடன், மரியாதை எல்லாம் வரும். நிலம் இல்லாதவருக்கு வெயில்.

அரசே சொன்ன வரையறை

"அப்படியென்றால் நிலம் இல்லாதவரையும் விவசாயி என்று சொல்லச் சொல்கிறீர்களா?" என்று சில தோழர்களே கேட்கிறார்கள்.

நான் சொல்லவில்லை தோழர்களே, இந்திய அரசே சொல்லியிருக்கிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி 2007ல் விவசாயிகளுக்கான தேசியக் கொள்கை வெளியிடப்பட்டது. அதில் விவசாயி என்ற சொல்லுக்கு வரையறை இருக்கிறது. நிலம் வைத்திருப்பவர் மட்டும் அல்ல, விவசாயக் கூலி, வாரதாரர், குத்தகைதாரர், ஆடு மாடு வளர்ப்பவர், மீனவர், தேனீ வளர்ப்பவர், காட்டில் சிறுவிளைபொருள் சேகரித்து விற்கும் பழங்குடியினர் எல்லோரும் அந்த வரையறைக்குள் வருகிறார்கள். சுவாமிநாதன் பெயரைச் சொல்லி ஆதார விலை கேட்கும் சங்கங்கள் இந்த வரையறையை மட்டும் வசதியாக மறந்துவிடுகின்றன.

அந்த வரையறைப்படி என் அம்மா விவசாயி. அத்திகோயிலிலும் தாணிப்பாறையிலும் இருக்கும் பளியர்களும் விவசாயிகள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்களுக்குச் சிறு வனப்பொருட்களின் மீது உடைமை உரிமையே கொடுத்திருக்கிறது. தேனும் நெல்லிக்காயும் இறக்கி வருகிற அந்த மக்களின் பெயரில் எத்தனை உழவர் சந்தைக் கடைகளைப் பார்த்திருக்கிறீர்கள்? நான் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. 'மலைத்தேன்' என்ற பெயரில் புட்டியில் அடைத்து விற்கும் கடைகளை மட்டும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மூன்று சமாதானங்கள்

இதைப் பேசும்போதெல்லாம் மூன்று சமாதானங்கள் வருகின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது: உழவர் சந்தை நல்ல திட்டம், அதைக் குறை சொன்னால் தரகர்களுக்குத்தான் லாபம். நல்ல திட்டம்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் அன்றைய முதல்வர் கருணாநிதி முதல் உழவர் சந்தையைத் திறந்தார். கமிஷன் இல்லை, வாடகை இல்லை, மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் நடுவில் ஒரு நியாய விலை. தரகரை வெளியே நிறுத்தியது அந்தத் திட்டம். அதே வாசலில் என் அம்மாவையும் நிறுத்தியது என்பதுதான் என் வழக்கு. சந்தையை மூடச் சொல்லவில்லை, வாசலை அகலமாக்கச் சொல்கிறேன். சமூகநீதி பேசும் ஆட்சிகள் கட்டிய சந்தையில் சமூகநீதியைக் கேட்பது எப்படித் தரகர் வேலையாகும்?

இரண்டாவது: நிலம் இல்லாதவருக்கு அட்டை கொடுத்தால் வியாபாரிகள் உழவர் வேடம் போட்டுப் புகுந்துவிடுவார்கள். இப்போது மட்டும் புகவில்லையா? பட்டா இருப்பது, நிலம் இருக்கிறது என்பதைத்தான் காட்டும். அந்த நிலத்தில் அந்தக் காயை அவர்தான் விளைவித்தார் என்பதை எந்தப் பட்டாவும் காட்டாது. நிலத்துக்காரர் மொத்தச் சந்தையில் மூட்டை வாங்கி உழவர் சந்தையில் பிரித்து விற்றால் பட்டா அதைத் தடுக்குமா? விளைவிப்பவர் யார் என்று தெரிய வேண்டுமானால் தோட்டத்துக்கு வந்து பார்க்க வேண்டும். என்ன விதை, எப்போது நட்டது, எத்தனை பறிப்பு எடுத்தாயிற்று என்று கேட்டால் யாருக்குப் பதில் தெரிகிறது என்று பார்க்க வேண்டும். என் அம்மா அந்தப் பரீட்சையில் தோற்க மாட்டார். தோற்பது யார் என்று எனக்குத் தெரியும்.

மூன்றாவதுதான் இருப்பதிலேயே மோசமானது: காய்கறியில் என்ன சாதி இருக்கிறது, சாப்பாட்டிலும் சாதியைக் கொண்டு வருகிறீர்களே என்பது. சாப்பாட்டில் சாதியை நாங்கள் கொண்டு வரவில்லை. 2018ல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சமைக்கக்கூடாது என்று ஆதிக்க சாதிப் பெற்றோர் திரண்டார்கள். 2023ல் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில் தலித் பெண் சமைத்த காலை உணவைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று சொன்னார்கள், மாவட்ட ஆட்சியரே நேரில் போக வேண்டியிருந்தது. அந்தச் சாம்பாரில் போட்ட முருங்கைக்காயை யார் பறித்தார்கள் என்று அந்தப் பெற்றோர் கேட்டார்களா? கேட்க மாட்டார்கள். பச்சைக் காய்க்குத் தீட்டு இல்லை. அடுப்பில் ஏறினால்தான் தீட்டு. எங்கள் உழைப்பு வேண்டும், அதற்குத் தோதாகச் சாதி தன் விதியை வளைத்துக்கொள்ளும். எங்கள் கை பட்ட சோறு வேண்டாம், அங்கே விதி இறுகிக்கொள்ளும். காய்கறியில் சாதி இல்லை என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டில் காய் நறுக்கும் பலகைக்கு மேலே எங்கள் கை எப்போதாவது போயிருக்கிறதா?

யாருடைய பாட்டன்?

இயற்கை உணவு பேசும் இளைஞர்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் பெரும்பாலும் நல்லவர்கள், நஞ்சில்லா உணவு வேண்டும் என்கிறீர்கள், பருவத்தில் விளைவதை உண்ணுங்கள், உள்ளூரில் வாங்குங்கள் என்கிறீர்கள். அதில் எனக்கும் உடன்பாடுதான். பூச்சிமருந்து அடிக்கிறவர்கள் எங்கள் ஆட்கள்தான், அதனால் நஞ்சு குறைந்தால் முதலில் மூச்சு விடுவது நாங்கள். ஆனால் "நம் பாட்டன் முப்பாட்டன் காலத்து விவசாயம்" என்று நீங்கள் உருகும்போது எனக்கு உடம்பு கூசுகிறது. உங்கள் பாட்டன் வரப்பில் நின்ற காலத்தில் என் பாட்டன் அந்த வயலில் பண்ணையாளாக இருந்தார். அந்தக் காலம் திரும்பி வர வேண்டும் என்று உங்களுக்கு ஆசை இருக்கலாம், எங்களுக்கு இல்லை. கிராமத்தை ஆட்சியின் அடிப்படை அலகாக வைக்கச் சொன்னவர்களுக்கு 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் மறுப்புச் சொன்னார். கிராமத்தைப் பாட்டாகப் பார்த்தவர்களுக்கு நடுவே அதை உள்ளிருந்து பார்த்தவர் அவர்.

உங்கள் சந்தையில் ஒவ்வொரு காய்க்கும் விதையின் பெயர், மண்ணின் பெயர், மாட்டின் பெயர்கூட எழுதி வைக்கிறீர்கள். பறித்தவர் பெயரை எழுதுங்கள். அவருக்கு என்ன கூலி என்று எழுதுங்கள். ஆணுக்கு எவ்வளவு, பெண்ணுக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். அந்தப் பலகையை வைக்க ஒரு கடைக்காரருக்கு ஏன் தயக்கம் வருகிறது என்று பாருங்கள். அந்தத் தயக்கத்தின் பின்னால்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது.

சந்தை வெறும் காய் வாங்கும் இடம் அல்ல என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிவகாசி, விருதுப்பட்டி, சாத்தூர், அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில், கோயிலுக்குள் நுழையக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட நாடார்கள் தங்களுக்கென்று பேட்டைகளைக் கட்டினார்கள். விற்கும் சரக்கில் மகமை பிடித்துப் பொதுப்பணம் சேர்த்தார்கள். 1899ல் சிவகாசியே பற்றி எரிந்தது. அதற்குப் பிறகும் அவர்கள் பின்வாங்கவில்லை, காரணம் பேட்டையும் மகமையும் அவர்கள் கையில் இருந்தன. அந்தச் சமூகத்தின் இன்றைய நிலையை அளவிடுவது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. நான் எடுத்துக்கொள்ளும் பாடம் ஒன்றுதான். விற்கும் இடமும் விலையும் கையில் இருப்பவரை ஊர் நினைத்தபடி குனிய வைக்க முடியாது. அது ஊருக்கும் தெரியும். அதனால்தான் வாசல் இவ்வளவு இறுக்கமாக இருக்கிறது.

என்ன வேண்டும்?

கண்ணீர் விட்டுக் கட்டுரையை முடிப்பதில் எனக்கு விருப்பமில்லை. கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

உழவர் சந்தை அட்டைக்கு நிலப் பத்திரம் நிபந்தனையாக இருக்கக்கூடாது. வாரதாரர், வாய்மொழிக் குத்தகைதாரர், கூட்டாகப் பயிர் செய்யும் கூலிப் பெண்கள், பழங்குடியினர் ஆகியோருக்குக் கள ஆய்வின் பேரில் அட்டை கொடுக்க வேண்டும். நிலத்துக்காரரின் ஒப்புதல் கடிதம் கேட்கக்கூடாது. திருடனிடம் சாவி கேட்கிற வேலை அது.

ஒவ்வொரு சந்தையிலும் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களுக்குக் கடைகள் ஒதுக்க வேண்டும். வேலையிலும் படிப்பிலும் இட ஒதுக்கீடு நியாயம் என்றால் காய்கறிக் கடையில் மட்டும் எப்படி அநியாயமாகும்?

1969ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகைப் பதிவை அரசே ஊர் ஊராகப் போய்ச் செய்ய வேண்டும். உழைக்கிறவர் விண்ணப்பித்து, நிலத்துக்காரர் கோபித்து, அடுத்த வருடம் நிலம் பறிபோகும் முறை இனியும் கூடாது.

இவை எல்லாம் சில்லறைக் கோரிக்கைகள். மொத்தக் கோரிக்கை நிலம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையின் பேரில் 1892ல் தொடங்கி ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம் எங்கே? அதைக் கேட்டதற்காக 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டார்கள். முப்பது வருடம் கடந்துவிட்டது, கேள்வி அப்படியே இருக்கிறது. தாட்கோ மூலம் நிலம் வாங்க நிலமற்ற தலித், பழங்குடிப் பெண்களுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை மானியம் தரும் நன்னிலம் திட்டத்தை 2023ல் அரசு அறிவித்தது. வரவேற்கிறேன். ஆனால் எங்கள் ஊரில் கிணற்றோடு கூடிய நிலத்தை ஒரு சேரிப் பெண்ணுக்கு விற்க எந்தச் சம்சாரி முன்வருவார்? மானியத்தால் பணத்தைக் கொடுக்க முடியும், விற்கும் மனசைக் கொடுக்க முடியாது. அதனால்தான் அம்பேத்கர் 1947லேயே விவசாய நிலத்தை அரசுடைமையாக்கி, சாதி பார்க்காமல் ஊராருக்குப் பிரித்துச் சாகுபடிக்குக் கொடுக்கச் சொன்னார். அந்தக் கோரிக்கையை இன்று உரக்கச் சொல்ல நம் இயக்கங்களுக்கே தயக்கமாக இருக்கிறது.

கூமாப்பட்டிக்கு வாங்க

2025 ஜூனில் எங்கள் ஊர் திடீரென்று தமிழ்நாடு முழுக்கப் பிரபலமானது. ஊர்க்காரத் தம்பி ஒருவர் போட்ட ரீல்ஸ் பரவி, கூமாப்பட்டிக்கு வாங்க என்ற குரல் எல்லோர் கைப்பேசியிலும் கேட்டது. பச்சை வயல், தென்னந்தோப்பு, பிளவக்கல் அணை, பின்னால் மலை. அணைப் பூங்காவை மேம்படுத்த அரசு பத்துக் கோடி ரூபாய் அறிவித்தது. சென்னையில் என்னுடன் வேலை பார்ப்பவர்கள் "உங்க ஊரு சொர்க்கமாமே" என்று கேட்டார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பச்சையில் என் அம்மாவின் அரை ஏக்கரும் இருக்கிறது.

நானும் கூப்பிடுகிறேன், வாருங்கள். பங்குனியில் வாருங்கள். வெயிலுக்கு முன்னால் வந்தால் வெள்ளரிப்பிஞ்சு இளசாகக் கிடைக்கும். அணையைப் பாருங்கள், தோப்பைப் பாருங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு திரும்பிவிடாமல் எங்கள் தெருவுக்கும் வாருங்கள். அம்மா வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு வைத்திருப்பார், முருங்கைக்காயும் மாங்காயும் போட்டுக் கருவாடு சமைத்திருப்பார். உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

மறுநாள் காலையில் சந்தைக்குப் போனால் உள்ளே நுழைவதற்கு முன்னால் வாசலில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கூறு கட்டி வைத்திருக்கும் பெண்ணிடம் பேரம் பேசாமல் வாங்குங்கள். "உங்களுக்கு ஏன் உள்ளே இடம் இல்லை?" என்று கேளுங்கள். அவர் பதில் சொல்வார். அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு உள்ளே போய், அங்கே அலுவலக அறையில் இருப்பவரிடம் அதே கேள்வியைக் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் முறைப்பார். நூறு பேர் கேட்டால் மேலே எழுதிப் போட்டாக வேண்டும்.

இந்தப் பங்குனியிலும் என் அம்மா விடிவதற்கு முன்னால் விளக்கைக் கட்டிக்கொண்டு வெண்டைக்காய் பறிக்கிறார். நான் அடுத்த வாரம் ஊருக்குப் போகிறேன். அந்த விண்ணப்பத்தை மறுபடியும் எழுதி எடுத்துப் போகிறேன். தொழில் என்ற இடத்தில் போனமுறை 'விவசாயக் கூலி' என்று எழுதியிருந்தேன். இந்தமுறை 'சம்சாரி' என்று எழுதப் போகிறேன்.